கற்பூரம் காட்ட ஒரு முதலாளி

செல்லத்தாய் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து இறங்கிய அன்று நொய்யல் ஆறு சாயப்பட்டறைத் தண்ணீரில் சிவப்பாக ஓடியது. மறுவாரம் நீலம். வெளிநாட்டில் அந்தப் பருவத்துக்கு எந்த நிறம் எடுப்போ அந்த நிறத்தில் ஓடுகிற ஆறு, இந்தப் பூமியில் நமக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. வெள்ளைப் புடவையோடு உள்ளே இறங்கிப் பட்டுப் புடவையோடு கரையேறினவர்களும் உண்டு என்பேன். நம்பாதவர்கள் போய் இறங்கிப் பார்க்கட்டும்.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் அவள் கை அவள் வாயைவிட வேகம் என்பார்கள். சுத்தப் பொய். அவள் வாயைவிட வேகமானது ஊரில் எதுவும் கிடையாது. அந்த வாயினாலேயே கம்பெனி கம்பெனியாக மாறி, கடைசியில் சாமியப்பனின் பவர்டேபிளில் வந்து சேர்ந்தாள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற கொட்டகைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். தைப்பவர்கள் தைப்பார்கள். சாமியப்பன் துண்டு போட்ட சுழல்நாற்காலியில் சுற்றுவார். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே. சூரியகாந்திக்கே பொறாமை வரும். அவர் செய்த உற்பத்தி அவ்வளவுதான்.

ஒரு வருடம் ஆர்டர் மந்தமானதும், லாரி வாங்கி ஓட்டப்போவதாகச் சொல்லிக் கொட்டகையைப் பூட்டிவிட்டார். தைத்தவர்கள் எல்லாம் தெருவில் நின்று, “மொதலாளி போயிட்டாருங்களே” என்று கண்ணைக் கசக்கினார்கள்.

“அவுக இல்லாத அன்னைக்கும் நாம தைச்சோம்ல? நாம இல்லாத அன்னைக்கு அவுக ஒரு காஜா எடுத்தாகளா?” என்றாள் செல்லத்தாய்.

அந்தக் கேள்வியில்தான் கூட்டுறவு யூனிட் பிறந்தது. சாமளாபுரம் போகிற வழியில் தறி நின்றுபோன கொட்டகை ஒன்றைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் சம பங்கு. எதுவானாலும் டீக்கு விடும்போது கூடிப் பேசி முடிவெடுப்பது. பஞ்சு கூட்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் அது முறைவைத்து வரும். யார் முறையோ அவர் மெஷினில் காலையிலேயே துடைப்பம் சாத்தியிருக்கும். ஓர் ஓரத்தில் கைக்குழந்தைகளுக்குத் தூளி. கக்கூஸுக்குப் போக யாரிடமும் டோக்கன் கேட்க வேண்டாம். இந்தச் சுகம் ஒன்றுக்கே கோயில் கட்டலாம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை எல்லாம் வாங்கியாகிவிட்டது. கற்பூரத் தட்டை யார் எடுப்பது? ஆளாளுக்கு ஓரடி பின்வாங்கினார்கள்.

“நீங்க எடுங்க.”

“இல்லீங்க, நீங்க எடுங்க.”

“மொதலாளி கையாலதானுங்க எடுக்கோணும்” என்றாள் செக்கிங் பார்க்கும் நல்லம்மாள்.

“நாமதான முதலாளி?” என்றாள் செல்லத்தாய்.

“அது சரிங்க. ஆனா மொதலாளின்னா ஒருத்தரு வேணுமில்லீங்க?”

சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் போய்ச் சாமியப்பனை அழைத்து வந்துவிட்டார்கள். கைராசிக்காரராம்! தன் கம்பெனியையே பூட்டின கையில் என்ன ராசியோ! வேட்டியின் வெளுப்பில் தெரு நாய்களுக்குக் கண் கூசியது. கற்பூரம் காட்டினார், வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார். அவர்கள் காசில் வாங்கின பொரியை அவர்களுக்கே தானம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு பையாக நீட்டினார். குனிந்து வாங்கிக்கொண்டன அந்த ஜென்மங்கள்.

மறுநாள் ஒரு டெம்போ வந்து நின்றது. உள்ளே சுழல்நாற்காலி.

“ஊட்டுல எடமில்லீங் கண்ணு. இங்கயே ஒரு ஓரமாக் கெடக்கட்டும்” என்றார் கூடவே இறங்கிய சாமியப்பன்.

ஓரமாகக் கிடந்த நாற்காலி நடுவுக்கு வந்தது. சும்மா கிடப்பானேன் என்று அதில் அவரும் வந்தார். அவர் நுழைந்தால் எழுந்து நின்றார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போக அவரிடம் அனுமதி கேட்டார்கள். டீ நேரத்துக் கூட்டம் நின்று, அவருக்கு டீ வாங்கி வருவது நடந்தது.

“உங்களுக்கு நட்டெலும்புன்னு ஒண்ணு வச்சானா, இல்ல அந்த எடத்துல எலாஸ்டிக் வச்சுத் தைச்சுட்டானா?” என்று செல்லத்தாய் கத்தினாள்.

“வயசானவருங்க, பாவம்” என்றாள் நல்லம்மாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து அருள்செல்வன் என்பவன் குழந்தைச் சட்டை சாம்பிளோடு வந்தான். வருடம் பூராவும் ஓடக்கூடிய ஆர்டர். இது யார் பேருக்குப் போகிறதோ அவர்தான் இனி இந்த யூனிட். வந்தவன் நாற்காலியைப் பார்த்தான், நேரே அதனிடம் போனான்.

“நம்ம யூனிட்டுதானுங் தம்பி. என்ற பேருக்கே போட்டுக்குங்க” என்றார் சாமியப்பன், ஒரு சுற்றுச் சுற்றி.

மெஷின்கள் நின்றன. அன்று நல்லம்மாளின் மேஜையில் சாத்தியிருந்த துடைப்பத்தைச் செல்லத்தாய் எடுத்து வந்து, அந்த வெளுத்த வேட்டியின் மேல் வைத்தாள்.

“கூட்டுங்க.”

“ஆரு, நானா? ஓனரு கூட்டறதா?”

“இங்க ஓனருகதான் கூட்டுவாக. நாள் தவறாம நாங்கதான் கூட்டுறோம்.”

அருள்செல்வனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இங்க ஓனர் யாருங்க?” என்று பொதுவாகக் கேட்டான்.

எல்லோரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள். அவள் வாய் திறப்பதற்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் திறக்கவில்லை. தான் சொன்னால், சாமியப்பன் போய்ச் செல்லத்தாய் வந்தாள் என்று ஆகிவிடும். நாற்காலிக்கு நஷ்டமில்லை. பிறந்ததிலிருந்து மூடியறியாத அந்த வாயை அவள் பல்லைக் கடித்து மூடினாள். பல் கடிபட்ட சத்தம் பல்லடத்தில் கேட்டது.

சாமியப்பன் தொண்டையைச் செருமினார். அருள்செல்வன் பேனாவை எடுத்தான்.

நல்லம்மாள் எழுந்தாள். அவர் மடியிலிருந்த துடைப்பத்தைப் பவ்யமாகவே எடுத்தாள். “கொடுங்க சாமி. இன்னிக்கு என்ற மொறைங்க. நானும் ஓனருங்க” என்றாள்.

“நானும்தானுங்க” என்றது ஒரு குரல். “நாந்தேன்” என்றான் பேக்கிங் ராஜபாண்டி. அப்புறம் கொட்டகை முழுக்க ஒரே ஓனர்கள். அருள்செல்வன் ஆர்டரைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேருக்குப் போட்டான். சாமியப்பன் லாரி பார்க்கப் போனார். அந்த லாரியை இதுவரை எவரும் பார்த்ததில்லை.

நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டார்கள். அவர் உடைத்த பூசணியின் விதை அங்கேயே முளைத்து, கொடி நாற்காலியின் மேல் ஏறி, துண்டு கிடந்த இடத்தில் ஒரு காய் காய்த்தது. சாமியப்பனைவிட ஒரு சுற்றுப் பெருத்தது. காற்றடித்தால் கிழக்கே ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை. அதற்கு மட்டும் யாரும் எழுந்து நிற்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரவர் மெஷினுக்கு அவரவரே கற்பூரம் காட்டினார்கள். பிறகு செல்லத்தாய் வெளியே போய், வாசலில் உடைக்க நாற்காலியிலிருந்து அந்தக் காயை இறக்கிக்கொண்டு வந்தாள்.