எந்தத் தெரு?

குற்றாலத்தில் சீசன் தொடங்குமுன் ஒரு லாட்ஜில் வரவேற்பறைக்கு ஆள் எடுத்தார்கள். இண்டர்வியூவுக்கு உதவ வெளியிலிருந்து, கேள்விகளைத் தயாரித்துக் கொண்டுபோனவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த லாட்ஜின் மேனேஜர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பையில் குட்டிச் சீப்பு. வந்தவர்கள் பதில் சொல்லச் சொல்ல, மீசையைச் சீவிக்கொண்டே இருப்பார்.

பண்பொழியிலிருந்து வந்த பெண்ணிடம் கேட்டேன்: "முன்பதிவு செஞ்ச குடும்பம் வந்து நிக்குது. அவங்க ரூமை வேற யாருக்கோ கொடுத்தாச்சு. என்ன செய்வீங்க?"

"மொதல்ல உக்கார வச்சு தண்ணி குடுப்பேன் சார். தப்பு எங்க மேலதான்னு சொல்லிருவேன். பெறவு பக்கத்து லாட்ஜ்ல நானே ரூம் பேசிக் குடுப்பேன்."

அதைவிட நல்ல பதில் கிடையாது. மேனேஜர் கனிவாகக் கேட்டார்: "பண்பொழில எந்தத் தெரு தாயி?"

தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். எல்லோரிடமும் அதைத்தான் கேட்டார். பிடித்த தெரு என்றால் டீ வரும். அவள் சொன்னாள். டீ வரவில்லை. சீப்பு பைக்குள் போனது.

"சரிம்மா, சொல்லி அனுப்புதோம்."

அவள் வாசலில் திரும்பினாள். "அண்ணாச்சி, ரூம் கேட்டு வாறவுககிட்டயும் தெரு கேக்கணுமா?"

"இந்தப் பொண்ணைத்தான் எடுக்கணும்" என்று மேஜையைத் தட்டினேன். மேனேஜருக்குக் கோபமே வரவில்லை.

"பிள்ள நல்ல வெவரம் சார்" என்று மனசாரச் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் செரிக்கவில்லை.