அளவுச் செடி

மகள் காலையிலிருந்து கணினி விளையாட்டுக்கு வீராங்கனை செய்துகொண்டிருக்கிறாள். இது ஏழாவது. பலம், மந்திரம், மூளை எல்லாவற்றுக்கும் புள்ளிகளைப் பங்கு போட்டுவிட்டு உயரத்தில் வந்து நின்றாள். அவள் நகர்த்த நகர்த்தப் பொம்மை நெட்டையாவதும் குட்டையாவதுமாக இருந்தது.

எனக்கு எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் நினைப்பு வந்தது. எழுபதுகளில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில், அந்தக் குரங்குக் குல்லாக்காரர்தான் எங்கள் பிரம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓரத்துத் தேயிலைச் செடியருகே நிறுத்துவார். செடி இடுப்புக்குக் கீழே இருந்தால் கொழுந்தெடுக்கப் பேர் எழுதிவிடுவார். தலைக்குள் இருப்பதை அளக்க அவரிடம் செடி இல்லை.

"பாவாடைக்குள்ள முட்டிய மடக்கிக்கடி," என்று அம்மா என் காதில் சொன்னாள். மடக்கினேன்.

"என்ன லா இது, போன வருசத்த விட குட்டையாயிட்டா?" என்றார் கிராணி.

"இவ அப்பா வம்சமே அப்படித்தாங்கய்யா," என்றாள் அம்மா. பக்கத்தில் நின்ற ஆறடி அப்பா இருமினார். பேனாவை மூடிக்கொண்டு நகர்ந்தது அந்த மேதை. மூன்று வருடம் இதே கூத்து. நான் பாட்டுக்குத் தானா ராத்தா டவுன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"உயரம் எவ்வளவும்மா வைக்கட்டும்?" என்றாள் மகள்.

"முட்டிய மடக்குவாளா?"

"அதெல்லாம் இதுல முடியாதும்மா."

"அப்புறம் என்னடி வீராங்கனை? அழிச்சிட்டு வேற செய்."