கடைசிச் சரணம்

லூடெல் ஸ்டிதமுக்குப் பாட்டென்றால் அதில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அவனுக்கு ஊரும் பெயரும் வேண்டும், அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பதுகூடத் தெரிய வேண்டும். நிலா, காதல் என்று ரேடியோவில் எவனாவது உருகினால், "யாருடா நீ, எங்கேருந்து வர்றே, அதச் சொல்லு மொதல்ல" என்று சிடுசிடுத்து நிறுத்திவிடுவாள். அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைப்பது அவள் வேலை. கிடாரை மடியில் வைத்துக் கதையாகப் பாடுகிறவன் யார் வந்தாலும் போதும், கணவன் ஹார்லிஸை வண்டி எடுக்கச் சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

அந்தப் பைத்தியம்தான் அவளை மாட்டிவிட்டது. பாடி முடித்ததும் பாட்டுக்காரன் ஒரு மேஜை போட்டு உட்காருவான். ரசிகர்கள் வரிசையில் நின்று இசைத்தட்டு வாங்குவார்கள், அப்படியே தங்கள் சொந்தக் கதையையும் அவன் காதில் போட்டுவிட்டு வருவார்கள். அது அங்கே வழக்கம். போன வருஷம் பக்கத்து ஊரில் எம்மெட் ரட்லிஃப் என்ற பாட்டுக்காரனின் மேஜைக்கு முன்னால் நின்றபோது லூடெலின் வாய் சும்மா இருக்கவில்லை.

ஹார்லிஸின் தம்பி க்ளீட்டஸ் வெள்ளத்தில் போன கதை அது. கை நழுவிவிட்டது என்றுதான் ஊருக்குத் தெரியும். நழுவவில்லை. ஒரு கையால் தம்பியையும் மறு கையால் வாசல் தூணையும் பிடித்திருந்த ஹார்லிஸ், தூண் ஆடியதும் தம்பியை விட்டுவிட்டான். அதை மனைவியிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, சொல்லியிருந்தான். அவள் போய்ப் பாட்டுக்காரனிடம் கொட்டிவிட்டாள். நாக்கில் சனி, வேறென்ன சொல்ல.

இப்போது அதே எம்மெட் அவர்கள் ஊருக்கே வந்து, மாட்டுத் தீவனக் கடையின் பின்கூடத்தில் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். இத்தனை நாளில் மறந்திருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டுதான் லூடெல் வந்திருந்தாள். பக்கத்தில் ஹார்லிஸ். முன்வரிசையில் க்ளீட்டஸின் மனைவி ஓமா.

"இது புதுப் பாட்டு. இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தங்க குடுத்த கதை" என்றான் எம்மெட்.

தான் கொட்டின கதைதான் என்று லூடெலுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடவும் வழியில்லை. அந்தக் கூடத்தில் பாட்டு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

முதல் சரணத்திலேயே ஓடை பெருகிவிட்டது. இரண்டாவதில் அண்ணனும் தம்பியும் வந்தார்கள், தூண் வந்தது. ஹார்லிஸ் அசையவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கடவுளே, நிறுத்தித் தொலையேன் என்று மனசுக்குள் எம்மெட்டைக் கெஞ்சினாள். அவன் நிறுத்துகிற ஆளா?

கடைசிச் சரணம் வந்தது. அதில் தூண் ஆடுவதைப் பார்த்த தம்பி, அண்ணனாவது பிழைக்கட்டும் என்று தானே கையை விட்டுவிட்டான். எம்மெட் கதையை மாற்றிவிட்டான். லூடெலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கைதட்டுவதற்குள் ஹார்லிஸ் எழுந்து நின்றான்.

"எம்மெட், கடைசிச் சரணம் தப்பு. அவன் விடல. நான்தான் விட்டேன்."

ஓமா மெதுவாகத் திரும்பினாள்.

"நீ விட்டப்ப அவன் உன்னப் பாத்தானா?" என்று கேட்டாள்.

"பாத்தான்."

ஓமா எம்மெட்டிடம், "அப்ப அதையே பாடுங்க" என்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹார்லிஸ் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

எம்மெட் முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைசியில் வார்த்தை மெட்டில் உட்காரவில்லை. பாதியைப் பேச்சாகவே சொல்லி முடித்தான். லூடெல் தன் ஆயுசில் கேட்ட பாட்டுகளிலேயே நல்ல பாட்டு அதுதான். அதைக் கேட்டுக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் ஹார்லிஸ் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. இனி இந்த மனுஷன் தன்னிடம் வாய் திறந்து எதையும் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.