நாகபூஷணத்துக்கு வைத்த பரீட்சைகள்

தட்டில் நாலு இட்லி. வலப்புறத்து இரண்டையும் தின்று முடித்த நாகபூஷணம் கை கழுவ எழுந்துவிடுகிறார். "இன்னும் ரெண்டு கீதுங்க," என்கிறாள் மனைவி தாட்சாயணி. தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இதுங்க எப்ப வந்துதுங்க?" என்று மறுபடி உட்காருகிறார். சத்தியவேட்டில் அவர்கள் வீட்டுக் காலை ஐந்து வருடமாக இப்படித்தான்.

குவைத்தில் கிரேன் ஓட்டினவர். நாற்பத்தாறு வயதில் மூளையில் ரத்தம் கட்டி, விமானத்தில் படுத்தபடி ஊர் வந்தார். கையும் காலும் சரியாகிவிட்டன. கண் இரண்டும் பழுதில்லை. ஆனால் நேரே பார்க்கும்போது மூக்குக்கு இடப்புறம் உள்ள எதுவும் அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருப்பதே நினைவில் வராது. அதனால் வெளியே போனால் தாட்சாயணி எப்போதும் அவருக்கு இடப் பக்கம் நடப்பாள். கம்பமோ மாடோ எதிர்ப்பட்டால் அவர் முழங்கையை அழுத்துவாள்.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். முறுக்கின மீசை, தேய்த்த சட்டை, தொண்ணூறு கிலோ உடம்பு. தாட்சாயணிக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை, ஞாயிறு லீவு. அன்றைக்கு அருவி, கோட்டை, பொருட்காட்சி என்று எங்காவது கிளம்பிவிடுவார்கள். போன இடமெல்லாம், மெய்யாகவே தெரியவில்லையா என்று யாராவது சோதித்துப் பார்ப்பார்கள். தாட்சாயணிக்கு அது அவமானம். நாகபூஷணத்துக்கோ வேடிக்கை. "கோட்டையில ஒருத்தன் கண்ணாண்ட டார்ச் அடிச்சான். அருவியாண்ட ஒரு அம்மா கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணுன்னுச்சி. ஆளுக்கு ஒரு யோசனை வருது பாரு!" என்று வீடு திரும்பும் பஸ்ஸில் வியந்துகொண்டே வருவார்.

போன தை மாதம் திருப்பதியில் கடல்மீன் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். கண்ணாடிக் குகைக்குள் நடக்கவேண்டும். இரு பக்கமும் தலைக்கு மேலும் மீன். வரிசைக்கு இரும்புக் குழாய் அடைத்திருந்ததால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். மாற்றுத்திறனாளியும் துணையாளும் சேர்ந்து போக ஒரு பக்கவழி இருந்தது. அதைக் கயிறு கட்டிக் காவல் காத்தவர் நகரிக்காரர் அப்பாவு.

"கை கால் கல்லாட்டம் கீது. சர்டிபிகேட் கீதா?"

தாட்சாயணி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். முழுக்க இங்கிலீஷ். "அதுக்குத்தான் முகாமுக்குப் போனோங்க. கண்ணு நல்லாத்தான் கீதுன்னு அனுப்பிச்சிட்டாங்க. இவருக்கு லெப்ட் சைடு மட்டும் தெரியாது. தனியா வுட்டா இடிச்சிக்கினு வுழுந்துடுவாரு."

"தெரியாதா? அந்த போர்டப் படிக்கச் சொல்லு."

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை என்று ஒரே வரியில் தெலுங்கில் எழுதியிருந்தது. நாகபூஷணம் வரியின் பின்பாதியைப் படித்தார்.

"டிக்கெட் இல்லைன்னு போட்டுகீது. அப்புறம் எங்களாண்ட மட்டும் எதுக்கு சார் வாங்கினீங்க?"

வரிசை சிரித்தது.

"நக்கலா?" அப்பாவுவின் முகம் கடுத்தது.

தாட்சாயணி சீட்டை மடித்தாள். "வாங்க போலாம். மீனு பாக்காட்டி குடியா முழுகிடும்?"

"இரு, சார் இன்னும் முடிக்கல," என்றார் நாகபூஷணம், மெய்யான ஆவலோடு.

அப்பாவு இரண்டடி நகர்ந்து நாகபூஷணத்தின் இடப்புறம் நின்றார்.

"எங்க போய்ட்டாரு? கோச்சிக்கினாரா?" நாகபூஷணம் தூரத்துக் கூட்டத்தில் அவரைத் தேடினார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அப்பாவு கையை ஆட்டிப் பார்த்தார். இன்னொரு முறை, மூக்கருகே ஆட்டினார். நாகபூஷணம் கூட்டத்தையே துழாவிக்கொண்டிருந்தார். அப்பாவு குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

"போய்ட்டு வாங்கண்ணா," என்றார், குரல் இறங்கி.

"இங்கதான் கீறீங்களா! இந்தப் பரீட்சை புதுசு சார்," என்று குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார் நாகபூஷணம்.

உள்ளே எல்லாம் நீல வெளிச்சம். பாதி வழியில், வலப்பக்கக் கண்ணாடியை ஒட்டி ஒரு திருக்கை மீன், போர்வையை உதறினாற்போல மிதந்து வந்தது. நாகபூஷணம் நின்றார். இடக்கையால் தடவி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். தன் முன்னால் சுற்றி அழைத்துவந்து வலப்பக்கம், கண்ணாடியோரம் நிறுத்தினார்.

"மீன மறைக்கிறேனேங்க," என்றாள்.

"நில்லு," என்றார். திருக்கை கடந்துபோன பிறகும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.