வீட்டுக்குப் போகும் வழி

தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோர் ஆண்டு முதலாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் மியன்மார் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியபோது, புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு தொண்டூழியர்கள் வந்தார்கள். அவர்களைப் பழக்கிவிடுவது என் வேலை.

இரண்டு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தேன். பிள்ளை அழுதால் என்ன செய்வது, அடித்துக்கொண்டால் எங்கே நிற்பது என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் என் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் நான் முதல் வாரத்தில் நடத்திய பாடம் அது. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளை வரைய வேண்டும். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆசிரியர் என்ன பாடம் நடத்துவது?

முதல் வகுப்பை எடுத்தது சபாக் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மூன்றாமாண்டு மாணவி. என்னைவிட நன்றாக நடத்தினாள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. பிள்ளைகள் சூராவ் தொழுகையிடத்தையும் செம்பனை மரங்களையும் கோழிப் பண்ணையையும் வரைந்தார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி நீலத் தகரக் கூரை போட்டு, "ரூமா சாயா," என் வீடு, என்று மலாயில் சத்தமாகச் சொன்னாள். எல்லாப் படங்களையும் மணிலா அட்டையில் குத்தி மாடிப்படி ஓரமாக மாட்டினோம். நன்றாக இருக்கிறது என்று நானே தட்டிக்கொடுத்தேன்.

மதியம் அந்தச் சிறுமியின் தாய் கூட்டிப்போக வந்தார். படங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளுடையதைக் கழற்றினார். அடுத்து மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, கிழியாமல் கழற்றி மடித்துத் துணிப்பைக்குள் வைத்தார். "யாருக்காக இதை வரையச் சொன்னீர்கள்?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரியான பத்திரம் இல்லாத குடும்பங்கள். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து ஒளிந்து வாழ்கிறவர்கள். மாடியேறி வருகிற எவருக்கும் அத்தனை வீட்டுக்கும் நாங்கள் வழி காட்டி வைத்திருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை.

அந்த அகதிகளில் ஒருவர்தான் வகுப்புக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர். அவர் வந்து, சில குடும்பங்கள் வீடு மாறிவிட்டன, நீலக் கூரை வீடும் காலி என்றார். கோபமே இல்லாமல், இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"நான்தான்," என்று மலாயில் சொன்னாள் அந்தத் தோட்டத்துப் பெண். என் பக்கம் திரும்பவே இல்லை. என் வாய் திறக்கும் என்று நானும் காத்திருந்தேன். திறக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது அவளே பேசினாள். "பரவால்ல லா டீச்சர். நான் போயிட்டா வேற வாலண்டியர் வருவாங்க. நீங்க போயிட்டா கிளாஸே இருக்காது."

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர், பஸ் வந்துரும்," என்று போனவள்தான். பிறகு வரவில்லை.

வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் துணி காயப் போட்டேன், சோறு வடித்தேன், தூக்கம்கூட வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டுப் பார்த்தால் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து வேறு இடத்தில் வகுப்பு மறுபடி தொடங்கியது. பாதிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நீலக் கூரைச் சிறுமி வரவில்லை. புதிய தொண்டூழியர்களுக்கு நான்தான் பயிற்சி. வீடு எங்கே என்று கேட்காதீர்கள், வரையச் சொல்லாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

"ஏன் டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"முன்னாடி ஒரு தொண்டூழியர் தெரியாமக் கேட்டுட்டாங்க," என்றேன்.

எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.