தங்கச்சி நிச்சயமும் மெகா பிளாக்கும்

பம்பாய்ல ஞாயித்துக்கிழமை நல்ல காரியம் வைக்கிறவங்க பஞ்சாங்கத்தோட ரயில்வே அறிவிப்பையும் சேத்துப் பாக்கணும். எங்க வீட்டுல பஞ்சாங்கம் மட்டும்தான் பாத்தாங்க. கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிறு, நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள தட்டு மாத்திரணும்னு பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கல்யாண்ல ஸ்லோ லோக்கல் ஏறி சயான்ல எறங்குனா, தாராவிக்கு நடந்தே வந்துரலாம். எல்லாம் சரிதான். ஆனா அன்னைக்குன்னு பாத்து குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவுல மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக ஸ்லோ லைன மதியம் மூணரை வரைக்கும் மூடிருவாங்க. மூடுன லைன்ல எறங்கி மெஷின் ஓட்டப் போறவன் பொண்ணோட அண்ணன். நான்தான் அது.

என் சோலி தண்டவாளம் தேய்க்கிறது. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இரும்ப உருக்கி ஊத்தி ஒட்டுவாங்க. ஒட்டுன எடம் அடிபட்ட நெத்தி மாதிரி வீங்கி நிக்கும். அத மெஷின் கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு, அங்க ஒட்டு இருக்குன்னு சக்கரத்துக்கே தெரியாம ஆக்கணும். மேடா விட்டா ஒவ்வொரு சக்கரமும் வந்து இடிக்கும். பள்ளமாயிட்டா அதவிட மோசம். தேய்ச்ச இரும்பத் திருப்பி வைக்க முடியாதுல்லா. அப்புறம் அந்த எடத்துல வண்டியெல்லாம் ஊர்ந்துதான் போகணும். இவ்வளவையும் பொறுமையாக் கேட்டுட்டு எங்கம்மா, "பாத்திரம் வெளக்குற மாதிரிதானேய்யா"ன்னு முடிச்சிருவா.

தங்கச்சிக்கு செம்பூர்ல ஒரு கூரியர் ஆபீஸ்ல வேலை. பையனும் அங்கதான். ரெண்டு பேரும் தங்களுக்குள்ள முடிவு பண்ணி, வீட்டுல சொல்லி, ஜாதகம் பாத்து, இவ்வளவு தூரம் வந்தாச்சு. பையனோட அம்மாவுக்கு மட்டும் இன்னும் அரை மனசுதான். கெட்ட பொம்பள கெடையாது. சகுனம் பாக்குற ஆளு. கெளம்பும்போது யாராவது தும்முனா உள்ள வந்து உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்பக் கெளம்புவாங்களாம். இந்த ஞாயிறு தவறிட்டா மார்கழி பொறந்துரும், எதுவும் பேச முடியாது. தை வரைக்கும் விட்டா அந்தம்மா மனசு மாறிரும்னு தங்கச்சிக்கு ஒரே பயம். உல்லாஸ்நகர்ல அவங்க அண்ணன் மக ஒருத்தி கல்யாணத்துக்கு இருக்கா வேற. எங்க அப்பா இல்ல, அதனால பொண்ணு வீட்டுப் பக்கம் தட்ட வாங்க வேண்டியவனும் நான்தான்.

பிளாக் விஷயம் எனக்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரிஞ்சுது. மாத்தி விடலாம்னா இன்னொரு ஆபரேட்டர் டெங்கு வந்து படுத்துட்டான். எங்க சூப்பர்வைசர் மராட்டிக்காரர், நல்ல மனுசன். கதைய முழுசாக் கேட்டுட்டு, லைன முடிச்சுக் குடுத்த நிமிசமே நீ ஓடிப் போயிரலாம்னார். தேதிய மாத்துவோமான்னு வீட்டுல கேட்டேன். தங்கச்சி பாத்த பார்வையில அந்தப் பேச்ச விட்டுட்டேன். சரி, அவங்கள கார் வச்சு வரச் சொல்லுவோம்னேன். அம்மா ஒத்துக்கல. "பொண்ணோட அண்ணன் ரயில நிறுத்துதான், நீங்க கார்ல வாங்கன்னு சொல்லச் சொல்லுதியா? ரயில்வேல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். அதோட இருக்கட்டும்."

ஞாயித்துக்கிழமை லைன மூடி, மேல கம்பியில கரண்ட நிறுத்துன பெறகு எறங்குனோம். கல்ல மாட்டுறதுக்கு முன்னால தொங்கவிட்டு லேசாத் தட்டிப் பாப்பேன். கணீர்னு கேட்டா நல்ல கல்லு. சொத்துன்னு கேட்டா எங்கயோ விரிசல், தூக்கிப் போட்டுர வேண்டியதுதான். மாட்டி, மூடி போட்டு, மெஷின தண்டவாளத்துல ஏத்தி அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டிப் பாக்கணும். பெறகு கல்லு எதையும் தொடாம சும்மா ஓடவிட்டு ஒதுங்கி நிக்கணும். ஒடையிற கல்லு அப்பவே ஒடஞ்சிரும். அதுக்கப்புறம்தான் கைச்சக்கரத்தத் திருவி கல்ல எறக்குறது. ஒரே எடத்துல நிறுத்திட்டா சூடேறி இரும்பு நீலம் பாஞ்சு கெட்டுப்போயிரும், அதனால போயிட்டு வந்துக்கிட்டே இருக்கணும். பொறி பறக்கும்போது எனக்கு இன்னைக்கும் சந்தோசமாத்தான் இருக்கும். எல்லா நாளும் எனக்குத் தீபாவளி.

மூணு ஒட்டு. ரெண்டு முடிஞ்சுது. மூணாவத ஊத்தவே நேரமாயிட்டு. ஒட்டு சூடா இருக்கும்போது மேலாக்கத்தான் தேய்ச்சு, ஒரு முடியளவு மேடு விட்டுரணும். ஆற ஆற அது தன்னால எறங்கும். சூட்டோட சமமாத் தேய்ச்சிட்டா ஆறுனதும் பள்ளந்தான். அதனால மெஷின நிறுத்திட்டு, அந்த ஒட்ட வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னோம்.

அப்பத்தான் போன் வந்துச்சு. தங்கச்சி.

"அண்ணே, அவங்க வந்த வண்டி குர்லாவுக்கு முன்னாலயே நின்னுருச்சாம். எல்லா வண்டியும் ஒரே லைன்ல போகுதாம்ல."

"தெரியும்."

"எப்பண்ணே தொறப்பீங்க?"

"ஒட்டு ஆறணும்."

"வந்து விசிறி வச்சு வீசட்டுமா?"

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. "அத்தை தட்டுல இருக்குற பூவையே பாத்துக்கிட்டு இருக்காங்களாம். ஒரு வார்த்த பேசலையாம். எனக்குப் பயமா இருக்குண்ணே"ன்னா. வச்சிருதேன்னு சொல்லி வச்சிட்டேன்.

கூட இருந்த பீகார்க்காரப் பையன், "பானி டால் தே, பாய்"னான். பச்சத் தண்ணிய ஊத்துனா சீக்கிரம் ஆறிரும், நெசந்தான். கூடவே இரும்பு வெடிச்சும் போயிரும். அவன ஒரு மொற மொறச்சேன். ஆனா எனக்கும் கை அரிச்சுது. இப்பவே ரெண்டு இழுப்பு இழுத்து முடிச்சிட்டா லைன் சீக்கிரம் தொறந்துரும். அப்புறம் அதுல போற வண்டிதான் ஊர்ந்து போகும், அந்த வண்டியில எங்க சம்பந்தக்காரங்களும் இருப்பாங்க. கைய ரெண்டையும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

ஆறுச்சு. ஒரு வழியா ஆறுச்சு. கல்ல எறக்கி, பூனை நக்குற மாதிரி தொட்டுத் தொட்டுத் தேய்ச்சேன். நீளமான இரும்பு ஸ்கேல ஒட்டு மேல வச்சுக் குனிஞ்சு பாத்தா, அடியில பொட்டு வெளிச்சம் இல்ல. சூப்பர்வைசரும் படுத்துப் பாத்தார். எந்திரிச்சு எம்முதுகுல ஒண்ணு போட்டு, "ஜா"ன்னு போகச் சொல்லிட்டார்.

மெஷின எறக்கி ஓரமா வச்சு நிக்கும்போதே முதல் வண்டி வந்துச்சு. ஒட்டு மேல சக்கரம் ஏறுன எடத்துல சத்தமே இல்ல. நடுப்பெட்டி வாசல்ல தொங்கிக்கிட்டு மாப்பிள்ளை நிக்கான். என்னப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டப் போயி, விழப் பாத்துக் கம்பியப் புடிச்சான். பக்கத்து ஜன்னல்ல அவங்கம்மா, மடியில பூத்தட்டு. ஆரஞ்சு சட்டை போட்ட எவனோ ஒருத்தன்னு என்னையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போனாங்க.

அவங்க சயான்ல எறங்கி, கூட்டத்த வெலக்கி, மெதுவா நடந்து வாரதுக்குள்ள நான் சந்துக்குள்ள பூந்து வீட்டுக்கு ஓடிட்டேன். சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சும் நகத்துக்கு அடியில கறுப்பு போகல. வேட்டியக் கட்டிட்டு வந்து உக்காந்தேன். மணி நாலு தாண்டியிருந்துச்சு.

அந்தம்மா காபியத் தொடல. "ஞாயித்துக்கிழம ஆனாப் போதும், தண்டவாளத்த நோண்டிப் போட்டுருதானுவ. எந்தப் புண்ணியவானோ. அவன் வீட்டுல நல்லது பொல்லாதது கெடையாதா?"ன்னாங்க. எங்கம்மா அவசரமா முறுக்குத் தட்ட நீட்டுனா. நான் தரையப் பாத்தேன்.

"எங்க அண்ணன்தான் அத்தே."

தங்கச்சிதான் பேசுனது. பட்டுச்சேல, தல நெறையப் பூவோட முன்னால வந்து நின்னா. "இன்னைக்கு அங்க வேல பாத்தது எங்க அண்ணன்தான். அவன் முடிச்சுக் குடுத்ததாலதான் உங்க வண்டி வந்துச்சு. மறைக்க வேண்டாம்னு தோணுச்சு, அதான் சொல்லிட்டேன்."

அம்மா மொகம் செத்துப் போச்சு. அந்தம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க, என் நகத்தப் பாத்தாங்க, சொவத்துக் கடியாரத்தப் பாத்தாங்க. காபிய எடுத்து ஒரே மூச்சுல குடிச்சாங்க.

"அப்ப கல்யாணத்த ஞாயித்துக்கிழம வைக்காதீங்க. தையில ஒரு வெள்ளிக்கிழமையாப் பாருங்க. எந்திரிங்கய்யா, தட்ட வாங்குங்க. ராகு காலம் வந்துரும்."

கல்யாணம்னு அந்தம்மா வாயால நாங்க கேட்டது அதுதான் முதல் தடவ. தங்கச்சி சேலத் தலைப்பால மொகத்த மூடிக்கிட்டா. நான் எந்திரிச்சுத் தட்ட வாங்கிட்டேன்.