பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டோம்

கரியாலூரில் எங்களுக்கு இருந்தது மரவள்ளிக் காடு. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்க முடியாது, இரண்டொரு நாளில் உள்ளே கறுத்துவிடும். அதனால் அப்பா லாரிக்காரரிடம் ஒருநாளும் பெரிய விலை கேட்டதில்லை. கேட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், திரும்பி வரமாட்டார் என்று பயம். பயம் என்று நான்தான் சொல்கிறேன். அவர் அதை விவரம் என்பார்.

அந்த விவரத்தோடுதான் என் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் வந்தார்.

பிளஸ் டூவில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல். சென்னையில் உள்ள பெரிய அரசுக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்கும் என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். மலையில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால், வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். கடைக்கார பாய் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு, "மொதல்ல எது போடட்டுங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மலையடிவாரத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் பெயரை அப்பா சொல்லிவிட்டார்.

"மெட்ராஸ் காலேஜ ரெண்டாவதா போடுங்க பாய். எடுத்த எடுப்புலயே பெருசா கேட்டு, இல்லன்னு கதவ சாத்திக்கினா இன்னா பண்றது?"

பாய் என் பக்கம் திரும்பினார். "இதே வரிசைதானாம்மா?"

தலையாட்டினேன். அப்பா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கொடுப்பவர் முகம் சுளிக்காத அளவுக்குக் கேட்பதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அதைத் தாண்டி எதையும் கேட்டுப் பார்த்ததில்லை.

முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். "கேட்டதையே குடுத்துட்டாங்க" என்று டீக்கடையில் அவர் சொன்னதை வருகிறவர் போகிறவர் எல்லாரும் என்னிடம் வந்து சொன்னார்கள்.

சாயங்காலம் என் வகுப்புத் தோழி போன் செய்தாள். அவளுக்குச் சென்னைக் கல்லூரி கிடைத்திருந்தது. கட்-ஆஃபில் அவள் எனக்குக் கீழே. அங்கே படித்த அவளுடைய அண்ணன், ஆசைப்படுவதை மேலே போடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருமாம். முதலாவது இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாமல் இரண்டாவதைப் பார்க்குமாம். எது முதலில் கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடுமாம்.

ஏழைப் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியில் வாய்ப்பு உண்டா என்று பேச வருகிறவர்கள் எல்லாரும் மார்க்கைப் பற்றியே பேசுகிறார்கள். மார்க்கை நான் வாங்கிவிட்டேனே. வரிசை போடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுக்கு அண்ணன் இருந்தான். எனக்கு இருந்தவர் லாரிக்காரருக்குப் பயந்தவர்.

நான் போனில் பேசியதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு உன்ன விட மார்க்கு ஜாஸ்தியா?"

"கம்மிப்பா."

"அப்பறம் எப்டி?"

பொறுமையாகச் சொல்ல நினைத்தேன். முடியவில்லை, கத்தியே சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க" என்றார். அதன்பிறகு சாப்பிட வரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடி பாய் கடைக்குப் போனோம். முடித்துக் கொடுத்த வரிசையை இனி மாற்ற முடியாது என்று பாய் சொன்னார். கிடைத்த இடத்தை ஏற்கலாம், இல்லை வேண்டாம் என்று போடலாம். வேண்டாம் என்றால் அடுத்த சுற்றில் மிச்சம் மீதியில் ஒன்றை எடுக்க வேண்டும், அதுவும் பிடிக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"வேணாம்னு போடும்மா" என்றார் அப்பா. "ஒரு வருசம் வூட்ல இரு. அடுத்த தபா மெட்ராஸ மொதல்ல கேப்போம்."

கைக்கு வந்த ஒன்றை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பாய் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார். அடுத்த வருடம் கட்-ஆஃப் ஏறிவிட்டால்? இதுவும் இல்லாமல் போய்விட்டால்? அப்பா பின்னால் நின்றுகொண்டு, "போடும்மா, பயப்படாத" என்றார்.

நான் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன்.